பந்தியில் கிடைத்த உத்தியோகம்

வில்லாபுரம், மதுரை
ஆனி மாதம், 1982

மகாகனம் பொருந்திய மைத்துனர் வெள்ளைத்துரை அவர்களுக்கு, தங்கள் அக்காள் வீட்டுக்காரர் தவசி வணங்கி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நலம் என்று எழுத முடியவில்லை. இவ்விடத்து நலம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறி அவ்விடம் வந்து நாலு நாளாகிறது. அவளும், தாங்களும், தங்கள் இல்லாள் முத்துத்தாயும், நாளைக்குக் காது குத்திக்கொள்ளப்போகிற குழந்தையும் சுகமாக இருக்கச் சொக்கநாதரை வேண்டுகிறேன். நிற்க.

நேற்று பேயாண்டியைத் தூது அனுப்பியிருந்தீர்கள். வாசலில் நின்றபடியே, "காதுகுத்துக்கு நீங்க வர வேணாம்னு வெள்ளைத்துரை அண்ணே சொல்லச் சொல்லுச்சு" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் அழையாமல் நுழைகிறவனை உறவுக்காரர் முன்னால் எப்படி நிறுத்துவது என்று தாங்கள் நினைப்பது நியாயந்தான். இந்தக் கடிதம் காதுகுத்து முடிந்துதான் தங்கள் கைக்கு வரும். அதனால் என்னை அழையுங்கள் என்று கேட்க எழுதவில்லை. அன்னக்கொடியை அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அவள் சொன்னது பாதி. மீதியை நான் சொல்லாமல் யார் சொல்வார்?

முப்பது வருஷம் நான் தபால் பிரிவில் இருந்தது தாங்கள் அறிந்ததே. வருகிற கவருக்கு ஒரு முத்திரை, போகிற கவருக்கு ஒரு முத்திரை. உள்ளே என்ன இருந்தது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நான் லீவு போட்டால் என் நாற்காலியில் பழைய பைல் கட்டை வைப்பார்கள், ஆபீஸ் ஒரு குறையும் இல்லாமல் நடக்கும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்ட அதிகாரி, "நம்ம கண்ணுச்சாமி மாதிரி ஒரு ஊழியரைப் பார்க்க முடியாது" என்று கால்மணி நேரம் பேசினார். ஒருத்தரும் திருத்தவில்லை. நானும் கைகட்டிக் கேட்டுவிட்டு, கண்ணுச்சாமி நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வீட்டிலோ தங்கள் அக்காள் கூட்டும்போது "அங்கிட்டுப் போங்க" என்பாள், மொழுகும்போது "இங்கிட்டு வாங்க" என்பாள். அங்கிட்டும் இங்கிட்டுமாக ஒரு மாதம் போயிற்று.

அப்புறம் வைகாசியில் ஒரு முகூர்த்த நாள், கோடை மழை பிடித்துக்கொண்டது. அவனியாபுரம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒதுங்கினேன், ஒதுங்கியது ஒரு குத்தமா மாப்ள, ஒரு பெண் பன்னீரைத் தெளித்து, இன்னொருத்தி கையில் சந்தனத்தைத் தடவி, வேட்டியும் துண்டுமாக ஒரு பெரியவர் "என்ன இம்புட்டு நேரங்கழிச்சு வாரீங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியிலேயே விட்டுவிட்டார். உட்காராமல் நழுவிவிடலாம் என்றுதான் பார்த்தேன். கடைசி இலையில் ஒருத்தர் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு, போகிற ரச வாளியை எல்லாம் ஏக்கமாகப் பார்க்கிறார், வாய் திறந்து கேட்கக் கூச்சம். எனக்கு மனசு பொறுக்கவில்லை. "ஏப்பா ரசம்! ஐயாவைக் கவனி!" என்று ஒரு சத்தம் போட்டேன். வாளிக்காரர் ஓடி வந்தார். மாப்ள, என் சொல்லுக்கு ஒரு ஆள் ஓடி வந்து பார்த்தது அன்றைக்குத்தான்!

பிறகென்ன, துண்டை இடுப்பில் கட்டினேன். அந்த இலைக்கு அப்பளம், இந்த இலைக்குக் கூட்டு, "தாயி, குழந்தைக்குக் காரமில்லாமப் போடச் சொல்றேன்", "அண்ணே, பாயாசம் வருது, எந்திரிச்சுறாதீங்க" என்று கடைசிப் பந்திவரை நின்றேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று நினைத்தார்கள். கல்யாண வீட்டில் வந்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு எவன் தப்ப முடியும்? அப்புறம் வந்த முகூர்த்தம் ஒன்றையும் நான் விடவில்லை. ஆனால் ஒன்று, எந்த மண்டபத்திலும் ஒரு வாய் சோறு தின்றதில்லை. இதை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும்.

வில்லாபுரத்துக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் சித்தப்பா, பத்திரிகையில் தன் பெயர் கீழே போய்விட்டது என்று சாப்பிடாமலே செருப்பை மாட்டிவிட்டார். அவரைத் தடுக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. நான்தான் கையைப் பிடித்தேன். "உங்க கோவம் கல்யாணக்காரன் மேல. சோறு என்னங்க செஞ்சுச்சு?" என்றேன். ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். பாயாசத்தை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். பெண்ணின் தகப்பனார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று வீடு வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். இதற்காகத்தானப்பா பிறந்திருக்கிறோம், நடுவில் முப்பது வருஷம் தெரியாமல் முத்திரை குத்திவிட்டோம் என்று தோன்றியது.

வினை பன்னீரில் வந்தது. முகூர்த்த நாள் தவறாமல் மேலெல்லாம் பன்னீரும் சந்தனமுமாக வந்து, வீட்டில் பழைய சோற்றை இரண்டு தட்டுத் தின்றால் கட்டினவள் என்ன நினைப்பாள்? தங்கள் அக்காள் நினைத்தாள். போன முகூர்த்தத்தன்று பின்னாலேயே வந்திருக்கிறாள். மண்டபத்துக்குள் விறுவிறுவென்று ஒரு பெண்பிள்ளை வருவதைப் பார்த்தேன். அவசரத்தில் முகத்தைப் பார்க்கவில்லை, பசியாக்கும் என்று நினைத்து, "பொம்பளைங்க பந்தி இங்கிட்டு, வாங்க தாயி" என்று உட்கார வைத்து இலை போட்டு, "அம்மாவுக்கு அப்பளம் ரெண்டா வைப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். அன்னக்கொடி!

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் ஓடி வந்து, "அம்மா, நீங்க பொண்ணு வீடுங்களா?" என்று கேட்டார். இவள் எழுந்து, "நான் எந்த வீடும் இல்ல. இந்தா நிக்கிறாரே, இவரு எந்த வீடுன்னு கேளுங்க!" என்று போட்டாளே ஒரு போடு. "உங்க ஆளுதானே?" என்கிறார்கள் இவர்கள். "உங்க ஆளுன்னுல்ல நெனைச்சோம்" என்கிறார்கள் அவர்கள். பந்தியே சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. வீடு வந்ததும் அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "சின்ன வீடு வச்சிருந்தாக்கூட ஒரு தெருவோட போயிருக்கும். இப்ப ஊரு பூராவுமில்ல நாறுது!"

போதும் மாப்ள. இனி பாண்டிகோயில் சாமி சத்தியமாக எந்தப் பந்திப் பக்கமும் எட்டிப் பார்க்க மாட்டேன். இந்த வயசில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்தது, அதை ராஜினாமா செய்கிறேன். அவள் அங்கிட்டுப் போ என்றால் போகிறேன், இங்கிட்டு வா என்றால் வருகிறேன். அக்காளை மட்டும் பஸ் ஏற்றி விடுங்கள். அவள் இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை.

குழந்தை காதில் தோடு ஏறுவதுபோல் தங்கள் வீட்டில் சகல பாக்கியமும் ஏறட்டும். முத்துத்தாய்க்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
பந்தியை விட்டு எழுந்துவிட்ட
தவசி

பி.கு.: ராத்திரி எழுதிய இதை இன்று காலை தபாலில் போடக் கிளம்புகிறேன், வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது, உள்ளிருந்து அன்னக்கொடி இறங்குகிறாள். முத்துத்தாயின் பிறந்த வீட்டார் கொட்டாம்பட்டியிலிருந்து சீரோடு வந்து ஒருமணி நேரம் நின்றார்களாம், சாப்பிட வாங்க என்று ஒரு ஆள் கேட்கவில்லையாம், இனி இந்த வாசல் மிதிப்பதில்லை என்று கிளம்பிவிட்டார்களாம். அவர்கள் போய்விடக் கூடாதென்று, அவர்களை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் வந்த வேனிலேயே ஏறி, என்னைக் கூட்டிப்போக இவள் இங்கே வந்துவிட்டாள். சத்தியம் செய்துவிட்டேனே என்றேன். "சாமிக்கு ஒரு பொங்கல் வச்சுத் தீர்த்துக்கலாம்" என்று பீரோவைத் திறந்து என் பட்டுக்கரை வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். "ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டேன். தேடிக்கொண்டே சொன்னாள். "முப்பது வருசமா ஆபீசுக்குப் போனீங்க. என்னைக்காவது ஏன் வரலைன்னு கேட்டு ஒரு ஆளு இந்த வாசலுக்கு வந்துச்சா? இப்ப நான் வந்துருக்கேன்ல, கெளம்புங்க." ஸ்டாம்பு மிச்சம் மாப்ள. கடிதத்தைக் கையிலேயே கொண்டு வாரேன். கடைசிப் பந்தி முடிகிறவரை பிரித்துப் படிக்க வேண்டாம்.