தாம்பூல்வாடியின் மின்சாரம்

"தாம்பூல்வாடிக்கு நேரா ஒண்ணுமே இல்ல சார்," என்றாள் ஹெலினா.

மகர்பட்டாவில் ஒரு அலுவலகத்தின் ஏழாவது மாடி. அடுத்த முப்பது ஆண்டுகளில் எத்தனை அணு உலைகள் வேண்டும் என்று கணிக்க, முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்களின் மின்தேவைப் பட்டியல் வந்திருந்தது. பத்தாண்டுக்கு முந்தைய கணக்கு ஒன்று, இந்த ஆண்டுக் கணக்கு ஒன்று. தாம்பூல்வாடிக்கு மட்டும் இரண்டு கட்டங்களும் காலி.

மேலாளர் சேவியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோதை மேடம் பன்னெண்டு மணிக்கு மும்பைல இருந்து வந்துருவாங்க. பக்கத்து ஊர் நம்பரை அப்படியே போட்டுரு. சலேகா, அது போதும்."

போட்டாள். சுவர்த் திரையில் இருந்த வரைபடத்தில், கடலோரமாக ஒரு புதிய சிவப்புப் புள்ளி முளைத்தது.

"அது என்னம்மா?"

"அணு உலை சார். ஏழு இருந்துச்சு, இப்ப எட்டு. கூட்டுத்தொகை விளிம்புல நின்னுட்டு இருந்திருக்கு. நாம தள்ளி விட்டுட்டோம்."

ஹெலினா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டாள். தாபோடியில் அவள் வீட்டுக் குழாயைக்கூட அந்த விரலால் சரியாக மூட முடிந்ததில்லை. இப்போது அது கடற்கரையில் எழுநூறு மெகாவாட்டை நட்டுவைத்திருந்தது.

"அரே, அப்ப இந்த வருஷத்தைக் குறைச்சுப் போடு!"

குறைத்தாள். புள்ளி மறைந்தது. உடனே மென்பொருள் மஞ்சள் நிறத்தில் கேட்டது: 'இவ்வூர் ஏன் சுருங்குகிறது?'

"பழைய வருஷத்தையும் குறை. நல்லாவே குறை."

குறைத்தாள். மஞ்சள் போனது. கடற்கரை நெடுக நான்கு சிவப்புப் புள்ளிகள் வரிசையாகப் பூத்தன.

"இப்ப என்ன?"

"பத்து வருஷத்துல பன்னெண்டு மடங்கு வளர்ந்திருக்கு சார். இதே வேகத்துல போனா தாம்பூல்வாடி மும்பையைத் தாண்டிரும்."

சேவியர் நெற்றியைத் துடைத்தபோது கதவு திறந்தது. கோதை மேடம் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற அணு உலைப் பொறியாளர்; பட்டியலை அனுப்பியவரும், ஒப்பந்தம் யாருக்கு என்று முடிவு செய்பவரும் அவர்தான். பின்னால் கோப்புகளுடன் உதவியாளர் ஜம்பு.

அவர் உட்காரவில்லை. திரை முன்னால் நின்று புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினொண்ணு. ஒவ்வொண்ணும் கட்ட பத்து வருஷம். அறுபது வருஷம் ஓடும். நிறுத்தின பிறகும் கழிவைக் காவல் காக்கணும். நாம யாரும் இருக்க மாட்டோம்."

ஹெலினா அந்தக் காவலாளியை நினைத்துப் பார்த்தாள். இன்னும் பிறக்காத ஒருவன், அவளுடைய பேத்தியின் பேரன் வயதுள்ளவன், சீருடை போட்டுக்கொண்டு அவள் தட்டிய எண்ணுக்குக் காவல் நிற்கிறான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. ஈஸ்டர் ஆராதனையில்கூட அவள் இத்தனை சின்னவளாக உணர்ந்ததில்லை.

"மேடம், இதுல நாலு உலை என்னோடது," என்றாள்.

சேவியர் இருமினார். பிறகு பலமாக இருமினார்.

"தாம்பூல்வாடி நம்பர் எங்களுக்குத் தெரியாது மேடம். நானாத்தான் போட்டேன்," என்றாள் ஹெலினா.

இரண்டு கட்டங்களிலும் இருந்ததை அழித்துவிட்டு, 'தெரியாது' என்று தட்டினாள். நான்கு புள்ளிகளும் அணைந்தன. கடல் மறுபடி வெறும் நீலமானது. என்ன அழகு என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

கோதை மேடம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"போச்சு," என்று சேவியர் நாற்காலியில் சரிந்தார். "ஒப்பந்தம் போச்சு. உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. ஒரு ஊரு, ஒரே ஒரு ஊரு!"

கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜம்பு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படி ஒரு ஊரே கிடையாது சார், மேடம் சும்மா எழுதி வச்ச பேரு, இதுவரைக்கும் ஆறு கம்பெனி அதுக்குக் கரண்ட் குடுத்தாச்சு, ஒருத்தர் மெட்ரோகூட விட்டுட்டாரு."