கந்தப்பன் ஒளித்த மவுஸ்

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் கந்தப்பன் ஒரு முடிவு எடுத்தார். முப்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் எடுத்த இரண்டாவது முடிவு அது. முதலாவது கல்யாணம். அதையும் அவருடைய மாமாதான் எடுத்தார் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்வார்கள்.

பதுளையில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் மகள் சுபாஜினி, வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து மவுஸ் மனைவி இராக்கம்மாவின் கையில். ஒரு நாடகம் முடிந்தால் அடுத்த நாடகம். இன்றைக்கோ மூன்று மணிக்கு இலங்கை கிரிக்கெட் இறுதிப் போட்டியில் ஆடுகிறது!

போன வாரம் மகள் அதில் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தாள். கேமராவுக்கு முன்னால் கையைக் காட்டினால் போதும். கை போகும் பக்கம் திரையில் அம்பு போகும். இரண்டு விரலால் கிள்ளினால் படம் திறக்கும். கையை மூடினால் படமும் மூடிக்கொள்ளும்.

மவுஸ் இல்லாவிட்டால் இராக்கம்மா என்ன செய்வாள்? கந்தப்பன் அதை எடுத்துப் பழைய ரப்பர் பூட்ஸுக்குள் போட்டார்.

மூன்று மணி ஆனது.

“என்னங்க, மவுஸக் காணோமே?”

“அது பழுது, புள்ள. இனிமே எல்லாம் கையாலதான். படிச்ச வேலை. நீ ஒதுங்கி உக்காரு.”

“ஆமாங்க. மூணாம் வகுப்பு வரைக்கும் போனவராச்சே.”

கந்தப்பன் கையை நீட்டினார். அம்பு ஓடியது. கிள்ளினார். விரல்கள் ஒன்றையொன்று தொடவே மறுத்தன. பத்தாவது தடவை மேட்ச் திறந்தது. “பாத்தியா!” என்றார். படம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது. இலங்கை நாலு தரம் ஆட வந்து நாலு தரமும் காணாமல் போனது.

“கைய விரிங்களேன்!”

“விரிச்சுத்தானே வச்சிருக்கேன்!”

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தவர் திடுக்கிட்டுப்போனார். முப்பது வருடம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் இல்லாத கத்தியை அது இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

“தள்ளுங்க” என்றாள் இராக்கம்மா.

இருபத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு தரம் சேர்ந்தன. நாடகம் திறந்தது. இன்னொரு கிள்ளு, அடுத்த நாடகம். ஒன்றுகூடத் தப்பவில்லை. கந்தப்பன் அவள் விரல்களையே பார்த்தார்.

“இத எப்ப படிச்ச?”

“படிக்க என்ன இருக்கு? கிள்ளத்தானே சொல்லுது?”

கந்தப்பன் போய்ப் பூட்ஸுக்குள் கையை விட்டார். உள்ளே ஒரு சிலந்திதான் இருந்தது.

“அங்க தேடாதீங்க. நீங்க ஒளிச்சத ஜன்னல் வழியாப் பாத்தேன். காலையில ஆறரை பஸ்லயே மககிட்ட பதுளைக்குக் குடுத்து விட்டுட்டேன்.”

“ஏன் புள்ள?”

“உங்களுக்கு வேணாம்னுதானே பூட்ஸுல போட்டீங்க?”

அவருடைய குரல் பாதியாகிவிட்டது. “மேட்ச்ச மட்டும் கொஞ்சம்...”

“போட்டு விடுறேன், அதுக்கென்ன? ஆனா என் கை இனிமே இங்க வேணும். ரொட்டிக்கு நீங்கதான் தேங்கா துருவணும்.” அவருடைய வளைந்த கையை எடுத்துப் பாசமாகத் தடவிப் பார்த்தாள். “தேங்கா மூடியப் பிடிக்க இந்தக் கைதான் அளவு.”

இலங்கையின் முதல் விக்கெட் விழுந்த சத்தம் அடுப்படியில் கந்தப்பனுக்கு நன்றாகவே கேட்டது.