முன்னால் ஒரு 'பிரபல'

'பிரபல' ஒட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் இவர்கள் மெதுவாகப் பேசுவதில்லை. பல் வலித்தால் பிரபல பல் டாக்டரிடம் போவார்கள், செருப்பு அறுந்தால் பிரபல செருப்புக் கடையில் கொடுப்பார்கள், குழாய் ஒழுகினால் வருகிறவரும் பிரபல பிளம்பராகத்தான் இருப்பார், ஒழுகல் நிற்காது என்பது வேறு விஷயம். பிரபலம் என்றால் என்ன? பலருக்கும் தெரிந்திருப்பது. பலருக்கும் தெரிந்தவரைப் பிரபலம் என்று எடுத்துச் சொல்லுவானேன்? சூரியனை யாராவது பிரபல சூரியன் என்கிறார்களா? இதையெல்லாம் அவர்களிடம் கேட்கக் கூடாது. கோபம் வரும்.

நம் போட்டோகிராபர் இந்த இனத்தின் அசல் மாதிரி. கடைவீதியில் சின்ன ஸ்டுடியோ. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு நீலத் திரை, வருகிறவர்கள் தலைசீவ ஒரு பல் உடைந்த சீப்பு. ஊரில் எல்லோருக்கும் பிரபலத்தை வாரி வழங்கினால் ஒரு கைப்பிடி தனக்கும் மிஞ்சாதா என்பது அவருடைய எண்ணம். பிரபல முடிதிருத்துபவர் கை வைக்கிற தலை சாதாரணத் தலையாக இருக்க முடியுமா?

"உங்க வாயில விழுந்தா கரப்பான்பூச்சிகூட பிரபலமாயிடும்," என்பார் அவர் மனைவி.

இப்படிப்பட்டவருடைய மகள் ஒரு பையனை விரும்பினாள். பையனின் அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவுக்கு அரை மனசு. பெண் வீட்டாரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

"அப்பா, வீட்டு நம்பர் அனுப்பிடட்டுமா?"

"எனக்கு எதுக்கும்மா நம்பர்? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்? தெருமுனையில நின்னு, பிரபல போட்டோகிராபர் வீடு எதுன்னு கேக்கச் சொல்லு. பச்சைக்குழந்தைகூட சொல்லும்."

கேட்டார்கள். பச்சைக்குழந்தை சொல்லவில்லை. பழக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள், "பிரபலமா? அப்படி யாரும் இங்க குடியிருக்கறதில்லையே," என்று பெருமூச்சு வேறு விட்டார். கடைசியில் பையனின் அப்பா போன் செய்தார்.

"சார், யாருக்கும் உங்களைத் தெரியலை. வெயில் வேற. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் எந்த நாளும் இல்லை என்று மகளுக்குத் தெரியும். அவள் முகம் சுண்டிப்போனது.

"இருங்க, இருங்க! பக்கத்துல யாரு இருக்கா? போனை அவர்கிட்ட குடுங்க," என்றார் போட்டோகிராபர்.

பக்கத்தில் இருந்தவர் தெருவின் தையல்காரர். "யாருங்க?"

"நான்தான், போட்டோகிராபர்."

"எந்த போட்டோகிராபர்?"

"பிரபல..."

"அப்படி யாரும் இல்லீங்க. ராங் நம்பர்."

"வெச்சுடாதேப்பா!" என்று அலறினார். மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர்கள் காதில் விழாதபடி வாயையும் போனையும் சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டு, திருடனைப் போலக் கிசுகிசுத்தார்: "கண்மூடி."

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. "அட, நம்ம கண்மூடி அண்ணனா! இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? என் லைசென்ஸ்ல நான் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே!"

விஷயம் வேறொன்றுமில்லை. அவர் "ரெடி!" என்று போடுகிற சத்தத்தில் ஸ்டூலில் இருப்பவர் திடுக்கிட்டுக் கண்ணை மூடுவார், சரியாக அப்போதுதான் இவர் விரல் அழுத்தும். அந்தத் தெருவில் கண் திறந்த அடையாள அட்டை ஒன்றுகூடக் கிடையாது.

தையல்காரர், பழக்கடைக்காரர், தண்ணீர்க் குவளையோடு அந்த அம்மாள், எதற்கென்று தெரியாமல் கூடவே இன்னும் சிலர் என்று ஓர் ஊர்வலமே பையன் வீட்டாரைக் கொண்டுவந்து வாசலில் சேர்த்தது. வழியெல்லாம் அவரவர் அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பையனின் அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெருவே திரண்டு வந்து வழி காட்டுது. நீங்க பிரபலம்தான், சம்பந்தி!"

சம்பந்தி! மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். போட்டோகிராபர் காதில் விழுந்தது அதற்கு முந்தைய சொல் மட்டும்தான். மறுநாள் கடைவீதி முழுக்க அவர் குரல்: "நான் சொல்லலைங்க. என் பிரபல சம்பந்தியே சொன்னாரு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் முழங்கால் வலிக்கு நீங்கள் காட்டிய டாக்டரைப் பற்றி நண்பரிடம் சொன்னபோது, வெறும் டாக்டர் என்றா சொன்னீர்கள்?