பாஸ்கலுக்குத் தெரிந்த ஸ்டேஷன்

எதிர்ப் பிளாட்பாரத்தில் வடக்கே போகும் கொம்யூட்டர் என்னும் மின்சார ரயில் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, கதவை மூடிப் புறப்பட்டும் விட்டது. பாஸ்கல் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷனின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப இது பலகைக் கட்டடம். தோட்டத்து ரப்பர் ஷீட்டெல்லாம் இங்கதான் ஏத்துவாங்க. எங்க தாத்தா என்ன பண்ணுவாருன்னா..."

"அப்பா, ரயில் போயிருச்சுலா," என்றாள் மகள் ஜானிஸ்.

"எந்த ரயில்?"

"நம்ம ரயில்."

பாஸ்கல் திரும்பினார். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

"வடக்க போறது இந்தப் பக்கம்தானே வரும்?"

"அந்தப் பக்கம்னு போர்டுலயே போட்டிருக்கு. நான் சொன்னேன்ல?"

"போர்டு நேத்து வந்தது. நான் இங்கயே பொறந்தவன்."

ஈப்போவுக்கு வெளியே இருக்கும் புக்கிட் லாலாங்கில் பலகை ஸ்டேஷனை இடித்து, இரட்டைத் தண்டவாளம் போட்டு, லிஃப்ட், மேம்பாலம், தானாகத் திறக்கும் கேட்டு எல்லாம் வைத்துப் பல வருசமாகிவிட்டது. யாரும் பாஸ்கல் வீட்டுக்கு வந்து முறைப்படி தெரிவிக்காததால், அவர் அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மனைவி அகதா முழங்கை நீள மெழுகுவர்த்தி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. வருசா வருசம் மகன் டேரன்தான் காடி ஓட்டிக் கொண்டுபோய் விடுவான். "டோல்ல மாட்டிக்கிட்டு நிக்கணுமா? ரயில்ல போலாம். எனக்குத் தெரியும்," என்று இந்த வருசம் மாற்றியவர் பாஸ்கல்.

அவர் மனத்தில் வேறொரு முள்ளும் இருந்தது. அகதா போன மாதம் இரண்டு தடவை கிளினிக்குக்குப் போய் வந்தாள். எதற்கென்று கேட்டால், "சும்மாலா." இந்த வருசம் பெரிய வேண்டுதல் இருக்கிறது என்கிறாள். என்ன வேண்டுதல் என்றால், "மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் சொல்லுவேன்." அதிலிருந்து பாஸ்கலுக்குச் சரியாகத் தூக்கமில்லை. இன்று மாலைப் பவனிக்குள் அவளை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் போனார்கள். அடுத்த ரயில் வந்தது.

"நடுப் பெட்டியில ஏறுங்க. கூட்டமே இருக்காது, எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே கூட்டமில்லை. இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லாரும் பாஸ்கலையே பார்த்தார்கள். ஒரு மலாய் அம்மா, கதவில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு ஸ்டிக்கரை மரியாதையாகக் காட்டினார். பெண்கள் பெட்டி.

உள்ளேயே நடந்து அடுத்த பெட்டிக்குப் போகலாம் என்று ஜானிஸ் சொல்வதற்குள், பாஸ்கல் வெளியே குதித்து அடுத்த கதவுக்கு ஓடினார். கதவு அவருடைய மூக்குக்கு முன்னால் மூடியது. மனைவியும் மகளும் மெழுகுவர்த்தியும் வடக்கே போனார்கள்.

போன் போட்டார். "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பி வாங்க!"

"எதுக்குப்பா? நாங்க எறங்கி நிக்கிறோம், நீங்க அடுத்த ரயில்ல வாங்க."

"வழி எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா? திரும்பி வாங்க!"

அவர்களைக் காணோம். பவனி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வடக்கே போகும் இன்னொரு ரயில் வந்து நின்றது. நாமே போய் அழைத்துக்கொள்வோம் என்று ஏறிவிட்டார். அடுத்த ஸ்டேஷனுக்குள் அவர் ரயில் நுழையும்போது, எதிர்ப்பக்கத்து ரயில் மெல்ல நகர்ந்து வெளியேறியது. அதன் சன்னலில் அகதா, கையில் மெழுகுவர்த்தி. பக்கத்தில் ஜானிஸ், தலையில் கை.

பாஸ்கல் மறுபடி புக்கிட் லாலாங் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அங்கே பவனி புறப்பட்டிருக்கும். இங்கே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தாள் அகதா. அதைக் கையில் வாங்கத்தான் முடிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஸ்டேஷன் வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹுசைன் பையோடு ஓடி வந்தார்.

"பாஸ்கல் அண்ணே! நல்லவேளை நீங்க இருக்கீங்க. கடை போட்ட நாளா நான் ரயில் ஏறுனதில்ல. பட்டர்வொர்த் போவணும், எந்தப் பக்கம் நிக்கணும்?"

பாஸ்கல் வாயைத் திறந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். தோள் தொங்கிப்போயிற்று.

"எனக்குத் தெரியாது பாய்."

அகதா விருட்டென்று எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "தாயே, நன்றிம்மா!" என்றாள். கண்ணில் நீர். மெழுகுவர்த்தியைத் துணிப்பையில் செருகி, "வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

"வீட்டுக்கா?" பாஸ்கல் வடையைப் பெஞ்சில் வைத்தார். "வேண்டுதல் என்னாவுறது? அகதா, மறைக்காதம்மா. எதுக்கு கிளினிக் போன? எதா இருந்தாலும் நேராச் சொல்லிடு, நான் தாங்கிக்கிறேன்."

"காதுல எரைச்சல்னு போனேங்க. காது நல்லாத்தான் இருக்காம். வீட்டுல யாராச்சும் ரொம்பப் பேசுறாங்களான்னு டாக்டர் கேட்டாரு."

"அப்ப வேண்டுதல்?"

அகதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜானிஸ்தான் சொன்னாள்.

"நீங்க சாவுறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் 'தெரியாது'ன்னு சொல்லணும்னு வேண்டிக்கத்தாம்பா போனோம், ஒங்கள நம்பி வந்தா நாங்க போய்ச் சேர மாட்டோம்னு தெரிஞ்சி, அன்னம்மா தாயி இங்கயே குடுத்துட்டாங்க."