கிரேன் அண்ணரின் மண்வெட்டி

திருகோணமலைத் துறைமுகத்தில் பத்து வருடம் கப்பல்களில் சாமான் ஏற்றி இறக்கியவன் நான்தான்.

பொய். ஏற்றி இறக்கியவர் மேலே கிரேன் ஓட்டிய கிரேன் அண்ணர். எப்போது தூக்க, எப்போது இறக்க என்று நான் கீழே நின்று கை காட்டினேன். நான் படித்த படிப்புக்கு அந்தக் கையாவது உதவியதே பெரிய காரியம்.

கிரேன் அண்ணரைப் போலச் சொல் கேட்கும் மனிதரை இலங்கை முழுக்கத் தேடினாலும் காண ஏலாது. என் கை இறங்கினால்தான் அவருடைய கொக்கி இறங்கும். கடலே வற்றினாலும் தானாக இறக்க மாட்டார்.

நாள் முழுக்க மேலே உட்கார்ந்தே அவருக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது. ஒருநாள் ஏணியில் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். டொக்டர் மூன்று மாதத் தவணை கொடுத்தார். தினமும் காலையில் ஒரு மணித்தியாலம் தோட்டம் கொத்த வேண்டும். அதற்குப் பிறகும் நிற்காமல் ஏணி ஏற முடியாவிட்டால், கிரேனை மறந்துவிட வேண்டியதுதான்.

அவர் வீடு என் பக்கத்து வீடுதான்; மறுநாள் காலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கியபடி சிலைபோல நிற்கிறார்.

“என்னண்ணை, இடுப்புப் பிடிச்சுக்கொண்டுதோ?”

“இல்லையடா தம்பி. கை காட்ட ஆளில்லாம இறக்கி, ஆரின்ரையேன் கால் போனா?”

“உங்கட கால் மட்டும்தானே அங்க நிக்குது!”

“அப்ப அது போனாப் பரவாயில்லையோ?”

அன்றிலிருந்து நான் கை காட்ட, அவர் கொத்தினார். ஒருநாள் என் காலில் நுளம்பு கடித்தது. நான் அடிக்க அடிக்க, அவர் கொத்தக் கொத்த, ஒரு வரிசைக் கத்தரிக்கன்று போய்விட்டது.

“ஐயோ அண்ணை, அது கத்தரியெல்லோ!”

“நீ காட்டினாய், நான் வெட்டினனான்.”

அவருக்கு வயிறு குறைந்தது. எனக்குத் தோள்மூட்டு கழன்றது.

தவணை நாள் வந்தது. அவர் ஏணியில் ஏறினார். முன்பு நின்ற படியைத் தாண்டினார். உச்சிக்குப் போய் ஜன்னலால் எட்டிப் பார்த்தவர், முதன்முதலாக எனக்குக் கை காட்டினார்: மெல்ல இறக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது இரண்டு பேரும் பென்சன்காரர். ஆனாலும் கொத்து நிற்கவில்லை. போன கிழமைகூட ஒரு பூசணிக்கொடி...

“தம்பி! மண்வெட்டி மேல நிக்குது! கை உளையுது, ஓடி வா!”

கதை இப்படியே கிடக்கட்டும். நான் போகும்வரை அவர் அதை இறக்க மாட்டார்.