கண்டன அப்பளம்

சிதம்பரம் வட்டாரத்திலேயே சாம்பாரைக் கோஷம் போட்டுக் கொதிக்க வைத்த ஒரே ஆள் ஜிந்தாபாத் அக்காதான். இதை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்.

கீரப்பாளையம் போகிற வழியில் நான் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நடுநிலைப் பள்ளியில், அக்கா சத்துணவு சமையலராக இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. சங்கக் கொடி பிடித்துப் பிடித்து, பேச்சை முடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஜிந்தாபாத்’ என்று முடித்துப் பழகியவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவர் அக்கா, எங்கள் தலைமையாசிரியருக்கும் அக்கா.

சோறு போடுவதே ஒரு பொதுக்கூட்டம் போலத்தான் இருக்கும். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்ததும் அக்கா கரண்டியை உயர்த்துவார்.

“சோறு!”

“வேணும்! வேணும்!”

“சாம்பாரு!”

“வேணும்! வேணும்!”

“மிச்சம்!”

“வைக்க மாட்டோம்!”

புதிதாக மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி, பிள்ளைகள் ஏதோ கலகம் செய்கிறார்கள் என்று நினைத்து ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். தலைமையாசிரியர் போய்க் கதவைத் திறந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

ஒருமுறை டவுன் பஸ் எங்கள் பள்ளி நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டது. மறுநாள் அக்கா தனி ஆளாகச் சாலை மறியல் செய்தார். தார்ச்சாலை சுடும் என்று வீட்டிலிருந்து பலகை கொண்டுவந்து, அதில் உட்கார்ந்துதான் மறியல். அன்றிலிருந்து அந்த பஸ் ஏற ஆள் இல்லாவிட்டாலும் நின்றுதான் போகிறது. கண்டக்டர் தலையை நீட்டி, “அக்கா, இன்னைக்குப் போராட்டம் ஒண்ணும் இல்லியே?” என்று விசாரித்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார்.

சமையல் எரிவாயு சிலிண்டர் தாமதமாக வந்ததற்காக ஒருநாள் உண்ணாவிரதமும் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார், மாலை டீக்கு முடித்துக்கொண்டார். “இதுக்குப் பேரு உண்ணாவிரதமா?” என்று கேட்டேன். “எனக்குப் பசி தாங்காது சார். அதுக்காவ உரிமைய வுட்டுக் குடுக்க முடியுமா?” என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அக்கா ஓய்வுபெற வேண்டிய வருஷம் அது. ஓய்வுபெற்ற பிறகு கௌரவமாகச் சாப்பிடுகிற அளவுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று சத்துணவு ஊழியர்கள் காலவரையற்ற போராட்டத்தில் இறங்கினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டவர் நாளைக்குத் தன் சோற்றுக்கு என்ன செய்வார்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறுதான் அன்றைய உருப்படியான சோறு. அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அக்கா மாட்டிக்கொண்டார். கூடவே நானும்.

சத்துணவு ஒரு நாளும் நிற்கக் கூடாது, ஆசிரியர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“சார், கொதிநிலை, ஆவியாதல் எல்லாம் நீங்கதானே நடத்துறீங்க? சமையலையும் நீங்களே பாத்துக்குங்க.”

வீட்டில் வெந்நீர் வைத்தாலே தீய்ந்த வாசனை வருகிறது என்று மனைவியிடம் பேர் வாங்கியவன் நான். சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

கடலூர் ஆர்ப்பாட்டத்துக்குப் புறப்பட்ட அக்கா, சிவப்புத் துண்டோடு நேராகச் சமையல்கூட வாசலுக்கு வந்து நின்றார்.

“வாத்தியாரே, போராட்டத்துல ஊடால பூந்து வேலை பாக்குறவனுக்குப் பேரு என்னா தெரியுமா?”

“தெரியும்கா. கருங்காலி.”

“தெரிஞ்சா சரி. பெருங்காயம் மேல் தட்டுல இருக்குது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

நான் வைத்த சாம்பாரைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பருப்பு மேலே மிதந்தது, காய் கீழே கிடந்தது, அடி பிடித்த வாசனை சத்துணவுக் கூடத்தைத் தாண்டி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனது. பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம்.

“அக்கா, அடி புடிக்குது! என்ன பண்றது?”

“கருங்காலிக்கு நான் வழி சொல்லணுமா?” பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “தீயக் குறைங்க சார்.”

“என்னது? கேக்கலக்கா!”

“குறை! குறை! தீயைக் குறை!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும் பழக்கதோஷத்தில், “குறை! குறை! தீயைக் குறை!” என்று முழங்கியது.

“ஊத்து! ஊத்து! வேற குண்டானில் ஊத்து!”

“ஊத்து! ஊத்து! வேற குண்டானில் ஊத்து!”

இது எந்தக் கோரிக்கை என்று தெரியாமல் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பக்கத்து ஆளை விசாரித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். இங்கே சாம்பாரை வேறு குண்டானில் ஊற்றியும் பிழைக்கவில்லை. பந்தியில் ஒரு சிறுமி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள், “சார், இது லேப்ல செஞ்சதா?”

அன்றைக்கும் மறுநாளும் பாதிச் சோறு குப்பைத் தொட்டிக்குத்தான் போனது. பிள்ளைகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சங்கத்தின் மேலா, அரசாங்கத்தின் மேலா, பருப்பின் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. விஷயம் மேலே போய், நாளை முதல் மகளிர் குழுப் பெண்களை அழைத்துவந்து சமைக்க வைப்பார்கள் என்று தகவல் வந்தது.

அன்று மாலை பள்ளி விடுகிற நேரத்தில் அக்கா வாசலில் நின்றிருந்தார். கடலூரிலிருந்து நேராக வந்திருக்கிறார். கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. பிள்ளைகள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டு, என் சாம்பாரைப் பற்றி என் கண் எதிரிலேயே புகார் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு அக்கா சொன்னார்:

“நாளைக்கு வேற ஆளு வந்து ஆக்கிப் போட்டுட்டா, நாங்க இல்லாமலே நடக்குதுன்னு சொல்லிப் போராட்டத்த ஊத்தி மூடிடுவாங்க சார். அப்பறம் யாருக்கும் பென்ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சரின்னு நான் உள்ள போயி ஆக்குனா, நானே கருங்காலி. ரெண்டும் இல்லாம கம்முனு இருந்தா இதுங்க வயிறு காயுது. நீங்களே சொல்லுங்க, நான் என்னா பண்ணட்டும்?”

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திடீரென்று நிமிர்ந்தார்.

“சங்கம் என்னா சொல்லுச்சி? சத்துணவுக் கூடத்துல சமைக்காதன்னுதான சொல்லுச்சி?”

“ஆமா.”

“போராட்டத்துல சமைக்காதன்னு சொல்லலியே?”

மறுநாள் காலை பள்ளிக்குப் போனால், வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் பந்தல். பந்தலில் சிவப்புக் கொடி. கொடிக்குக் கீழே கல் கூட்டி மூன்று பெரிய குண்டான். ‘கஞ்சி காய்ச்சும் போராட்டம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. தெருவில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி அரசாங்கத்துக்கு எதிர்ப்பைக் காட்டுவது நம் ஊரில் எல்லாச் சங்கமும் செய்வதுதான். ஆனால் நான் பார்த்த கஞ்சிப் போராட்டத்தில் எல்லாம் கஞ்சிதான் இருந்தது. இங்கே ஒரு குண்டானில் சோறு, ஒன்றில் சாம்பார், ஒன்றில் முட்டை. பக்கத்தில் ஒரு கூடை நிறைய அப்பளம். அரசாங்கத்து அரிசியில் ஒரு பொட்டு தொடவில்லை. அக்கா ஊருக்குள் ஒரு சுற்று கோஷம் போட்டுக்கொண்டே போய் வந்தாராம், வீட்டுக்கு வீடு படி அரிசியும் கத்தரிக்காயும் வந்து சேர்ந்துவிட்டன. போராட்டத்துக்குத் தடை சொல்லப் போன் செய்த சங்கத் தலைவர்கூட, அக்கா பேசி முடித்ததும் “ஜிந்தாபாத்” என்று சொல்லித்தான் வைத்தாராம்.

மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள்.

“பள்ளி வளாகத்துக்கு வெளிய நடக்குறதுக்கு நான் பொறுப்பு இல்ல. என் கண்ணுல ஒண்ணும் படல” என்று தலைமையாசிரியர் எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. அன்று ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன் என்ற அதே அதிகாரிதான். பின்னாலேயே ஒரு வேனில், காலையிலேயே வந்திருக்க வேண்டிய மகளிர் குழுப் பெண்கள். இறங்கியவர்கள், பந்தியில் தங்கள் பிள்ளைகளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், “எக்கா, நாங்க என்னா செய்ய?” என்று கேட்டாள். “வெங்காயம் உரி” என்றார் அக்கா. அத்தனை பேரும் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மாற்று ஏற்பாடு அங்கேயே போராட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அதிகாரி குண்டான்களை ஒரு பார்வை பார்த்தார்.

“என்னம்மா இது?”

“போராட்டம் சார்.”

“போராட்டத்துல முட்டை எதுக்கு?”

“எதிர்ப்பு சார்.”

“அப்போ அப்பளம்?”

அக்கா சளைக்கவில்லை. “கண்டனம் சார். கண்டன அப்பளம். ரெண்டு வைக்கட்டுமா?”

அதிகாரி பந்தியைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா கரண்டியை உயர்த்தினார். கட்டிய தொண்டையிலிருந்து, “சோறு!” என்று காற்றுதான் வந்தது. ஆனால் “வேணும்! வேணும்!” என்ற பதில் கீரப்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். அதில் அதிகாரியின் குரலும் இருந்தது. என் காதால் கேட்டேன்.

பேச்சுவார்த்தை முடிந்து வேலைநிறுத்தம் வாபஸ் ஆகும்வரை தினமும் அங்கே கண்டனம் பரிமாறப்பட்டது. அதன்பிறகு ஒரு நாளும் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு எரியவில்லை, ஒரு பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை. கோரிக்கைகளைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குள் அக்கா ஓய்வுபெற்றும் விட்டார். இப்போது மருமகளோடு சேர்ந்து பள்ளிக்குப் பக்கத்திலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறார். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, கொடி உண்டு.

போன மாதம் கடலூரில் இன்னொரு ஆர்ப்பாட்டம். விடுமுறை நாள் என்பதால் அக்காவோடு நானும் போயிருந்தேன். வெயிலில் நின்று, அவர் எடுத்துக் கொடுத்த கோஷத்தையெல்லாம் திருப்பிச் சொன்னேன். “சத்தம் பத்தல வாத்தியாரே” என்று நடுநடுவே திட்டு வேறு. அவர் கேட்கிற ஓய்வூதியம் அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன். இந்த வட்டாரத்தில் எனக்கு அவரைப் போலப் பிடித்த மனுஷி வேறு யாரும் இல்லை.

மதியம் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். சாம்பார் சாதம்.

“கருங்காலிக்கெல்லாம் சோறு கிடையாது” என்றார். சொல்லிக்கொண்டே என் தட்டில் ஒரு கரண்டி வைத்தார். இன்னொன்றும் வைத்து, மேலே ஒரு அப்பளத்தையும் நொறுங்காமல் எடுத்து வைத்தார். நான் போதும் என்று சொல்லவில்லை.