இடது பக்கம் தெரியாத மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வாங்கிய அன்றே புதிதாகிவிடாது. நாலு பேர் வந்து பார்த்து, "புதுசா?" என்று கேட்ட பிறகுதான் அது புதிது. அதுவரை அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை யாரும் கிழிக்கக் கூடாது. இது என் அம்மா போட்ட சட்டம். ஃபிரிட்ஜின் கைப்பிடியில் இன்றைக்கும் உறை இருக்கிறது. டி.வி. ரிமோட்டை உறையோடு அழுத்தி அழுத்தி, சத்தத்தைக் கூட்டும் பொத்தானுக்கு மேலே உறை ஓட்டையாகி, அந்த ஓட்டை தெரியாமல் இருக்க இன்னோர் உறை மாட்டியிருக்கிறோம். இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான். படித்தவன் இல்லையா. அந்தப் படித்தவன் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தன் கல்யாணத்தையே ஏறக்குறைய கெடுத்துக்கொண்டான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுடையது முதுகுளத்தூருக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். அய்யா (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) மிளகாய் விவசாயம் செய்கிறவர். நான் மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் தாராளம். ஆனால் எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. மூன்று மானிட்டர்களை வளைவாக வைத்து, நடுவில் முன்கண்ணாடியும் இரண்டு பக்கமும் சன்னலுமாக, பஸ் ஓட்டும் கேம் விளையாட வேண்டும். இருபத்தெட்டு வயதில் வரக்கூடிய ஆசையா இது என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.

மூன்று திரையிலும் ஒரே நேரத்தில் ரோட்டை ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால், அதற்கென்று பலமான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதுக் கம்ப்யூட்டர், மூன்று மானிட்டர், நாற்காலி எல்லாவற்றோடும் அந்தக் கார்டையும் வாங்கினேன். செங்கல்லைவிடப் பெரிது, மூன்று மின்விசிறிகள், பல வண்ணத்தில் விளக்குகள். பெட்டியைப் பிரித்தபோது அய்யா வந்து எட்டிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். வேலைக்கு என்றேன். மேசையில் மாட்டிய ஸ்டியரிங்கைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். அதுவும் வேலைக்கு என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது, போய்விட்டார்.

அதே வாரம் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். உச்சிப்புளிப் பெண், பெயர் செல்வி. போட்டோவில்தான் பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்ததால், அம்மாவின் சட்டம் கடுமையானது. மானிட்டர்களின் மேலிருக்கும் தாளை உரிக்கக் கூடாது. நாற்காலியின் உறையைக் கழற்றக் கூடாது. கார்டின் பின்புறத்தில், வயர் சொருகும் வாய்கள் நான்கிலும் சின்னச் சின்னக் கறுப்பு மூடிகள் இருந்தன. அதையும் அம்மா பார்த்துவிட்டார்.

"அந்த மூடியெல்லாம் அப்படியே இருக்கட்டும்லே. பொண்ணு வீட்டுக்காரக வந்து பாத்துட்டுப் போகட்டும்."

நான் மறுபேச்சுப் பேசவில்லை. கார்டுக்கு மேலே, கம்ப்யூட்டரின் சொந்த வாய்கள் இரண்டு திறந்தே கிடந்தன. திறந்த வாய்க்குத்தானே சோறு ஊட்ட முடியும்? இரண்டு வயரை அவற்றில் சொருகினேன். கார்டு உள்ளேதானே இருக்கிறது, அது பாட்டுக்கு வேலை செய்யும் என்று முழுமனதாக நம்பினேன். மிச்சம் ஒரு மானிட்டர். ராமநாதபுரம் போய், ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் சாமான் ஒன்றை வாங்கிவந்து (ஒரே கேபிள் டி.வி.யைப் பக்கத்து வீட்டுக்கும் இழுப்பார்களே, அந்த மாதிரி) அதையும் மாட்டினேன். மூன்றும் எரிந்தன. நானே கைதட்டிக்கொண்டேன்.

கேமைத் திறந்ததும்தான் குழப்பம் ஆரம்பித்தது. நடுத்திரையில் ரோடு தெரிந்தது. இடதுபக்கத் திரையிலும் அதே ரோடுதான் தெரிந்தது. அதாவது கழுத்தைத் திருப்பி இடது சன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே வருகிற லாரி அங்கேயும் எதிரே வந்தது. அது போகட்டும், பஸ் நகரவே இல்லை. பஸ்ஸின் புகைப்படங்கள்தான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. என் பழைய கம்ப்யூட்டரிலேயே இதைவிட நன்றாக ஓடியது.

வோல்டேஜ் குறைவு என்று நினைத்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்த அறை முன்பு வத்தல் மூட்டை அடுக்கிவைத்த அறை, அதனால் மிளகாய்த் தூசி உள்ளே போயிருக்கும் என்று துடைத்தேன். இருபது தும்மல் கிடைத்தது. கேமை அழித்து மறுபடி ஏற்றினேன், மூன்று முறை. ஒரே ஓர் ஆறுதல், கார்டு மட்டும் எவ்வளவு நேரம் விளையாடினாலும் சூடாகவே இல்லை, விசிறிகூடச் சுற்றவில்லை. விலைக்கேற்ற தரம் என்று மெச்சிக்கொண்டேன். (வேலையே செய்யாதவனுக்கு எப்படி வேர்க்கும் என்று அப்போது தோன்றவில்லை.)

ஞாயிறு வந்தது. செல்வியின் அப்பா கருப்பையா, உறவுக்காரர் நாலு பேருடன் வந்து இறங்கினார். ராமேசுவரம் ரோட்டில் முப்பது வருசமாகப் பஸ் ஓட்டுகிறவர். பாம்பன் பாலத்தில் காற்று பஸ்ஸைத் தள்ளினாலும் ஸ்டியரிங்கை அசையவிடாத மனிதர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. எதற்கும் அசையவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் வீட்டாருக்குப் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால், "இன்னொரு நாளைக்குச் சாப்பிடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வரவே வராது. எனக்குப் பெண் பேச வந்த இரண்டு வீட்டார் முன்பே அப்படி எழுந்து போயிருந்தார்கள். அடுப்படியில் அம்மா சாம்பார், வடை, பாயசம் என்று எல்லாவற்றையும் செய்து மூடிவைத்துவிட்டு, வாழை இலைகளை மட்டும் விரிக்காமல் காத்திருந்தார். 

வீட்டைச் சுற்றிப் பார்த்த கருப்பையா என் அறைக்குள் வந்தார். இரண்டு தும்மல் போட்டார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"தம்பி, வீடு வரையுற வேலைக்கு ஸ்டியரிங் எதுக்கு?"

விளையாட என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அய்யா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாய் தானாகப் பேசியது. வரைந்த கட்டடத்துக்குள் சுற்றிப் பார்க்க ஸ்டியரிங் தேவைப்படுகிறது என்றேன். ஒவ்வோர் அறையாகத் திரும்ப வேண்டும் இல்லையா என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அவர் மேசைக்கு அடியில் குனிந்தார். காலுக்குக் கீழே இருந்த மிதியைப் பார்த்தார். வீட்டுக்குள் பிரேக் எதற்கு என்று அவர் கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. சரி, ஒரு கட்டடத்தைச் சுற்றிக் காட்டுங்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிறீச்சென்றது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வருவதற்கும் திரை எரிவதற்கும் சரியாக இருந்தது. செல்வியின் போட்டோவை நான் திரையின் பின்னணிப் படமாக வைத்திருந்தேன். நடுவில் ஒரு செல்வி, வலது பக்கம் ஒரு செல்வி, இடது பக்கம் ஒரு செல்வி. மூன்று பேரும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அவசரமாக எதையாவது திறந்து மூடிவிடும் வேகத்தில், விரல் பழக்கதோசத்தில் பஸ் கேமைத் திறந்துவிட்டது.

பஸ்ஸைக் கண்டதும் கருப்பையாவின் முகம் மாறியது. என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். சீட்டை முன்னுக்கு இழுத்தார். வண்டி எடுப்பதற்கு முன் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினார். அங்கே முன்னால் போகிற ரோடு தெரிந்தது. நேரே பார்த்தார். அங்கேயும் அதுவே தெரிந்தது. மறுபடி இடது பக்கம் திரும்பினார். ஒரு மனிதர் இவ்வளவு குழம்பி நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

இருந்தாலும் எடுத்தார். பஸ் துள்ளித் துள்ளிப் போனது. பிரேக்கை மிதித்த பிறகு, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றது. ஸ்டாப்பில் ஓரங்கட்டப் போனவர், அங்கே நின்றிருந்த நிழற்குடையை இடித்துத் தள்ளினார். முப்பது வருசத்தில் அவர் இடித்த முதல் நிழற்குடை. கையை எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"ஆளு ஏறுறது, எறங்குறது, ஆடு குறுக்க வாறது, எல்லாம் இடது பக்கந்தேன். இடது பக்கம் தெரியாத வண்டியில ஒக்கார வச்சுட்டீகளே தம்பி."

உறவுக்காரர் ஒருவர் செருப்பைத் தேடிக் காலை நீட்டினார். அடுப்படி வாசலில் அம்மா இலைக்கட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். என் மூன்றாவது இடமும் எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, மிளகாய்த் தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் கருப்பையா எழவில்லை. வண்டியில் கோளாறு இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. செல்வி ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறாள், அவளிடம் காட்டுவோம் என்று சொல்லி, செல்போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டார். அத்தனை பேர் முன்னால், என் வருங்கால மனைவி என்னை முதன்முதலாகப் பார்க்கப் போகிறாள். நான் தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் என்னைக் காட்டச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள்.

மேசைக்கு அடியில் புகுந்து, முட்டி போட்டு, போனை நீட்டினேன். அவளுக்குத் தெரிந்தது என்னவோ ஒட்டடையும் என் காதும்தான். கொஞ்சம் மேலே என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள். பிறகு, அங்கேயே நிறுத்துங்கள் என்றாள்.

"ஏங்க, அந்தக் கறுப்பு மூடியைக் கழட்டவே இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நாந்தேன் ஆத்தா வேணாமுன்னேன். நீங்கள்லாம் வந்து பாக்கணுமுல்ல, புதுசு."

செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது இதுதான்: வயரெல்லாம் கம்ப்யூட்டரின் சொந்த வாயில் சொருகியிருக்கிறது. அதற்கு மூன்று திரையை இழுக்கும் தெம்பு கிடையாது. அவ்வளவு பெரிய கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. மூடியைக் கழற்றி மூன்று வயரையும் கார்டிலேயே சொருக வேண்டும்.

எட்டு நாளாக நான் துடைத்தது, அழித்தது, ஏற்றியது எல்லாம் கண்முன்னே வந்துபோனது. அப்படியே மேசைக்கு அடியிலேயே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். அவள் விடவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும். இது நெசமாவே வேலைக்கா, வெளாட்டுக்கா?"

மேலே அய்யாவின் கால் தெரிந்தது. கருப்பையாவின் கால் தெரிந்தது. அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"வெளாட்டுக்குத்தான்" என்றேன். "பஸ் ஓட்டுறதுக்கு."

 போனில் அவள், "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அந்த ஒரு வரிக்காக நான் இன்னும் பத்து மேசைக்கு அடியில் புகுவேன்.

அம்மாவைப் பார்த்தேன். அவர் இலைக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரி என்று தலையசைத்தார். தன் வாழ்நாளில் ஒரு பிளாஸ்டிக்கைக் கழற்ற அவர் அனுமதி கொடுத்தது அன்றைக்குத்தான். மூன்று மூடிகளைக் கழற்றி, மூன்று வயர்களையும் கார்டில் சொருகினேன். கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். திரைகளை வரிசைப்படுத்தச் செல்வி போனிலேயே சொல்லிக்கொடுத்தாள் (அவளுடைய மூன்று போட்டோக்களையும் அப்போது பார்த்துவிட்டாள், தன் போனைக் கொஞ்ச நேரம் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்).

பஸ் வந்தது. நடுவில் ரோடு, வலது பக்கம் எதிர்வண்டிகள், இடது பக்கம் மரமும் கடையும் கண்ணாடியும் தனியாகத் தெரிந்தன. கார்டின் மூன்று விசிறிகளும் முதல்முறையாகச் சுற்றின. அந்தச் சத்தத்தில், தீப்பிடித்துவிட்டது என்று அம்மா தண்ணீர் எடுக்க ஓடினார்.

கருப்பையா இடது கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை எடுத்தார். எண்ணெயில் வழுக்கிப் போகிற மாதிரிப் போனது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிறுத்தி, ஏறுகிறவர்கள் ஏறி முடிக்கும்வரை பொறுத்து, ஒரு கோடு பிசகாமல் கடைசி ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் எல்லோரும், செருப்பைத் தேடிய உறவுக்காரர் உட்பட, பின்னால் பயணிகள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, தண்ணி எங்கன இருக்கு? கை கழுவணும்."

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அய்யா அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்து என்னிடம், சாப்பிட்ட பிறகு எனக்கும் ஒரு நடை ஓட்டக் கொடு என்றார்.

கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும், முறைப்படி செல்வியை என் இடது பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நான் மாலைக் கனத்தில் நேரே பார்த்தபடி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். மாமனார் குனிந்து, மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மாப்ளே, இடது பக்கம் தெரியுதா?"

திரும்பிப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேசமானாலும், குழு போட்டோ எடுக்கும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. கழற்றிய மூன்று மூடிகளையும் அம்மா குங்குமச் சிமிழுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். நாலாவது மூடி இன்னும் கார்டிலேயே இருக்கிறது. புதுசு என்று தெரிய வேண்டுமாம்.